குலசாமி பேரில் பூட்டிய கதவு

காரைக்குடி செக்காலை ரோட்டில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே ஈஸ்வரனின் அலுவலகம் இருக்கிறது. அலுவலகம் என்று அவர்தான் சொல்லிக்கொள்வார். ஒரு மேசை, இரண்டு கணினி, வருகிறவர்கள் உட்காரப் பிளாஸ்டிக் நாற்காலி, குளிரைவிடச் சத்தத்தை அதிகமாகத் தரும் ஒரு ஏசி, அவ்வளவுதான். ஆனால் இந்த ஊரில் கல்யாண மண்டபக்காரரோ, ஜவுளிக்கடைக்காரரோ, பூர்வீக வீட்டை ஓட்டலாக்கிய ஆச்சியோ, வெப்சைட் வேண்டுமென்றால் அந்தச் செங்குத்துப் படியில் மூச்சு வாங்க ஏறித்தான் ஆக வேண்டும்.

கல்லலுக்குத் தெற்கே கண்மாய்க்கரை ஊர் ஒன்றில் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை அவர். கல்லூரியில் இரண்டு பேப்பரை அரியர் வைத்துவிட்டு, தேவகோட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்தார். பாடம் பாதியில் இருக்கும்போதே வாத்தியார் சென்னைக்கு வேலை கிடைத்துப் போய்விட்டார். மிச்சத்தை ஈஸ்வரன் தானாக முட்டி மோதிக் கற்றுக்கொண்டார். மகா கெட்டிக்காரர் என்று சொல்ல முடியாது, ஆனால் எடுத்த வேலையைப் பாதியில் விட மாட்டார். குறை என்று ஒன்று உண்டென்றால், யார் முகத்துக்கு நேராகவும் மறுத்துப் பேச அவருக்கு வராது. ஊரில் அவருக்கு நல்ல பெயர் இருந்ததற்கும் பாதிக் காரணம் அதுதான்.

டேட்டாபேஸ் என்றால் என்ன என்று கேட்கிறவர்களுக்கு அவர் வைத்திருந்த விளக்கம் ஒன்று உண்டு. ஓட்டல் ஆச்சியிடம் சொன்னதை அப்படியே எல்லோரிடமும் சொல்வார்.

“உங்க வீட்டையே எடுத்துக்கங்க ஆச்சி. முகப்புல வந்து நிக்கிறவுகளுக்குப் பின்கட்டுல என்ன இருக்குன்னு தெரியாது. கேட்டா உள்ளயிருந்து ஒரு ஆள் எடுத்தாந்து குடுப்பாக. அந்த ஆள்தான் நான் எழுதுற ஸ்கிரிப்ட்டு. பின்கட்டுதான் டேட்டாபேஸு. நடுவுல ஒரு கதவு இருக்கு. எந்த வீடு, வந்திருக்கது யாரு, எந்த அறை வேணும், அடையாளச் சொல் என்ன, இந்த நாலையும் சரியாச் சொன்னாத்தேன் கதவு தெறக்கும்.”

“அப்ப அந்தச் சொல்லைத் தொலைச்சுப்புடாதப்பா” என்றார் ஆச்சி.

அவர் ஏற்கெனவே ஒருமுறை தொலைத்திருந்தார். ஆடித் தள்ளுபடி நேரத்தில் ஒரு ஜவுளிக்கடையின் டேட்டாபேஸுக்கு அவரே வைத்த கடவுச்சொல் அவருக்கே மறந்துபோனது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து, நட்சத்திரக்குறி என்று புத்தகத்தில் போட்டிருந்தபடி வைத்த சொல் அது. கடைக்காரர் படியேறி வந்து போட்ட சத்தத்தில் கீழே மாத்திரை வாங்க நின்றவர்கள் எல்லாம் அண்ணாந்து பார்த்தார்கள். அன்றைக்கு ஈஸ்வரன் ஒரு முடிவுக்கு வந்தார். செத்தாலும் மறக்காத பேர் எது? குலசாமி பேர். அதற்குப் பிறகு அவர் செய்த எல்லா வெப்சைட்டுக்கும் ஆலங்காட்டுக் கருப்பர்தான் காவல்.

வெறும் பேர் மட்டும் வைத்தால் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பேருக்குப் பின்னால் ஓர் எண்ணையும் சேர்த்தார். அந்த எண்ணும் கோயில் எண்தான். மாசி மாதம் குலசாமி கும்பிடும் களரித் திருவிழாவுக்குப் பங்காளிகள் எல்லோரும் ஆலங்காட்டில் கூடுவார்கள். கிடாவெட்டு முடிந்து, கோயில் வரி வாங்கும்போது, இந்த வருடம் மொத்தம் எத்தனை தலைக்கட்டு என்று பூசாரி உரக்கச் சொல்வார். கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு. புதிதாக ஒருவன் கல்யாணம் முடித்தால் எண் ஏறும். களரி முடிந்து காரைக்குடி திரும்பியதும் ஈஸ்வரன் முதல் வேலையாக எல்லா வெப்சைட்டின் கடவுச்சொல்லையும் புது எண்ணுக்கு மாற்றிவிடுவார். வெளியாள் எவனுக்கும் இந்த எண் தெரியாது என்பதில் அவருக்கு அவ்வளவு பெருமை. பெருமையை அடக்கவும் தெரியவில்லை. களரிப் பந்தியில் இலையில் கறி விழுந்துகொண்டிருக்கும்போது, “நம்ம கருப்பரு இப்ப காரைக்குடியில கம்ப்யூட்டருக்குக் காவக்காரரு, தலைக்கட்டு எண்ணிக்கைதேன் சாவி” என்று அவரே சொல்லிச் சிரித்தார். பங்காளிகளும் சிரித்தார்கள். பங்காளி வீட்டுக்குள்ளிருந்தே ஒருவன் வருவான் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அப்படித் தோன்றாதவர் அவர் ஒருவர் மட்டும் அல்ல, அந்தப் பந்தியில் உட்கார்ந்திருந்த யாருக்கும் தோன்றியிருக்காது.

அந்தப் பங்காளிகளில் பெத்தன் மூத்தவர், ஈஸ்வரனுக்கு அண்ணன் முறை. பெத்தனின் மகள் சினேகா காரைக்குடியில் பி.காம். படித்தாள். படிக்கும்போது போன் ரிப்பேர் கடையில் வேலை பார்த்த விக்கியைப் பிடித்துப்போனது. விக்கி வேறு சாதிக்காரர் வீட்டுப் பையன். ஒரு வெள்ளிக்கிழமை கல்லூரிக்குப் போனவள் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்படியே போய்விட்டாள்.

அடுத்து வந்த களரியில் பெத்தனின் வரியை வாங்கவில்லை. அவர் மகன் சதீஷ்குமார் தட்டை நீட்டியபடி நின்றான். பெரியவர்கள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“விசயத்தை முடிச்சுப்புட்டு வாங்க, வாங்கிக்கிறோம்” என்றார் ஒருவர்.

முடிப்பது என்றால் என்ன என்று யாரும் கேட்கவில்லை. ஈஸ்வரன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். தூக்கி வளர்த்த பிள்ளையைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தெரிந்தும் எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தார். கேட்டிருந்தால் ஒரு சண்டை வந்திருக்கும், அவருக்குச் சண்டை வராது. பூசாரி அந்த வருடம் எண்ணில் ஒன்றைக் குறைத்துச் சொன்னார். ஈஸ்வரனும் காரைக்குடிக்குத் திரும்பிக் கடவுச்சொல்லில் ஒன்றைக் குறைத்தார்.

செக்காலை ரோட்டிலேயே சுபலட்சுமி என்பவர் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம் நடத்துகிறார். அவருக்கும் ஈஸ்வரன்தான் வெப்சைட் செய்து கொடுத்திருந்தார். நோயாளியின் பேர், வயது, கணவன் பேர், எந்தப் பகுதி, போன் நம்பர், என்ன பரிசோதனை, மறுபடி எப்போது வர வேண்டும் என்று எல்லாம் அதில் ஏறிவிடும். முடிவை வீட்டிலிருந்தே போனில் பார்த்துக்கொள்ளலாம். ஒருநாள் காலை சுபலட்சுமி கூப்பிட்டு, புதிதாக ஒரு பரிசோதனை சேர்த்திருக்கிறோம், அதற்கும் ஒரு கட்டம் வேண்டும் என்றார். பத்து நிமிட வேலை என்று ஈஸ்வரன் டேட்டாபேஸைத் திறந்தார்.

அங்கே கடைசியாக யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்ற பதிவு தெரியும். கடைசியாக வந்தது புதன்கிழமை மதியம் என்று இருந்தது. ஈஸ்வரன் புதன்கிழமை மதியம் தேவகோட்டையில் ஒரு பங்காளி வீட்டுக் கல்யாணத்தில் இலை முன்னால் உட்கார்ந்திருந்தார்.

பதிவை விரித்துப் பார்த்தார். முதல் முயற்சியில் கடவுச்சொல் தவறு. இரண்டாவது முயற்சி சரி. அதன் பிறகு ஒரே ஒரு தேடல். நோயாளி பேர் சினேகா, கணவன் பேர் விக்கி. விடையாக ஒரே ஒரு வரி வந்திருந்தது. வந்த ஆள் அதோடு வெளியே போய்விட்டான்.

திருடன் என்றால் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போயிருப்பான். இவன் ஒரு வரிக்காக வந்திருக்கிறான். குலசாமி பேர் தெரிந்தவன், தலைக்கட்டு எண் தெரிந்தவன். பங்காளிகள் அத்தனை பேரும் புதன்கிழமை கல்யாணத்தில் இருந்தார்கள். அழைப்பு இல்லாத வீடு ஒன்றே ஒன்றுதான், பெத்தன் வீடு. சதீஷ்குமார் பி.சி.ஏ. படித்தவன். முதல் முறை பழைய ஞாபகத்தில் தன் வீட்டையும் சேர்த்து எண்ணியிருப்பான். கதவு திறக்கவில்லை. பிறகு தன் வீட்டைக் கழித்துவிட்டுப் போட்டிருப்பான், திறந்துவிட்டது. அந்த நேரத்தில் அவனுக்கு என்ன ஆத்திரம் வந்திருக்கும் என்று நினைக்கவே ஈஸ்வரனுக்குப் பயமாக இருந்தது.

அவன் பார்த்த வரியை இவரும் பார்த்தார். சினேகா, கழனிவாசல் பகுதி, ஒரு போன் நம்பர், ஏழாம் மாதம், சர்க்கரைப் பரிசோதனை, மறுபடி வர வேண்டியது திங்கட்கிழமை. அவள் மாசமாக இருக்கிற செய்தி எப்படியோ அவன் காதுக்குப் போய், பரிசோதனைக்கு எங்கே வருவாள் என்று தேடியிருப்பான். வீட்டு முகவரிக்கான இடம் காலியாக இருந்தது. அந்தக் காலி இடத்தைப் பார்த்ததும் அவருக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. கழனிவாசல் சின்ன இடம் இல்லை.

உடனே கடவுச்சொல்லை மாற்றினார். கருப்பர் பேரை எடுத்துவிட்டு வாயில் நுழையாத எழுத்துகளாகப் போட்டார். வெளியிலிருந்து யாரும் நுழைய முடியாதபடி அடைத்தார். எல்லாம் சரிதான், ஆனால் ஒருவன் படித்துவிட்டுப் போனதைத் திரும்ப வாங்க வழி கிடையாது. அந்தப் போன் நம்பருக்கு அடித்தார். எடுத்த பக்கத்தில் பேச்சில்லை, மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

“சினேகா, நான் ஈஸ்வரன் சித்தப்பா பேசுறேன்த்தா. வச்சிராத...”

வைத்துவிட்டாள். மறுபடி அடித்தபோது போன் அணைக்கப்பட்டிருந்தது. பங்காளி வீட்டிலிருந்து இந்த நம்பருக்கு ஒருவர் பேசினால் அவள் வேறென்ன செய்வாள்?

மதியம் சாப்பாடு கொண்டுவந்த மனைவி ரேணுகாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். ரேணுகா டிபன் கேரியரைத் திறக்கவே இல்லை.

“முதல்ல போலீசுக்குப் போனப் போடுங்க.”

“இரு ரேணுகா. பங்காளி வீட்டு விசயம். எடுத்த எடுப்புல ஸ்டேசனுக்குப் போனா நாளைக்கு அண்ணன் மூஞ்சில எப்படி முழிக்கிறது?”

“அந்தப் புள்ளைய ஏதாச்சும் பண்ணிப்புட்டாகன்னா, அப்பவும் பங்காளி வீட்டு விசயந்தானா? வாயும் வயிறுமா இருக்குங்குறீக. நீங்க வச்ச பூட்டு, நீங்கதேன் பதில் சொல்லணும்.”

படியில் யாரோ ஏறி வரும் சத்தம் கேட்டது. சதீஷ்குமார் வாசலில் வந்து நின்றான். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, முகத்தில் நல்ல பிள்ளைச் சிரிப்பு.

“சித்தி, நல்லா இருக்கீகளா? இங்குட்டு ஒரு வேலையா வந்தேன். சித்தப்பாவப் பாத்து ரொம்ப நாளாச்சேன்னு ஏறி வந்தேன்.”

ரேணுகா “இருக்கேன்ப்பா” என்று முணுமுணுத்துவிட்டு, சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள். போகும்போது புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். சதீஷ்குமார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். ஊரில் மழை இல்லை என்றான், கண்மாயில் கருவேலம் மண்டிவிட்டது என்றான், அப்பாவுக்கு இப்போது முன்போல நடக்க முடியவில்லை என்றான். ஈஸ்வரன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். நீதானே உள்ளே வந்தாய் என்று கேட்க வாய் வரை வந்தது. வழக்கம்போல அதற்கு மேல் வரவில்லை.

அவன் எழுந்தபோது மேசையிலிருந்த பேனாவை எடுத்துச் சரியாக வைத்தான்.

“திங்கக்கெழமை சுகர் டெஸ்ட்டாம்ல சித்தப்பா. ஏழாம் மாசத்துல நல்லாப் பாத்துக்கணும்பாக. யாராச்சும் பாத்தா சொல்லச் சொல்லுங்க.”

குரலில் ஒரு மாற்றமும் இல்லை. அதே சிரிப்போடு இறங்கிப் போனான். திங்கட்கிழமை வரை காத்திருப்பான் என்று இதற்குப் பிறகு எப்படி நம்புவது? அவளை இன்றைக்கே அந்த வீட்டிலிருந்து கிளப்பிவிட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறொன்றும் ஓடவில்லை. சாப்பாட்டை அப்படியே போட்டுவிட்டுச் சுபலட்சுமியிடம் போனார்.

சுபலட்சுமி கையுறையைக்கூடக் கழற்றாமல் கேட்டார். கேட்டு முடித்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

“உங்கள நம்பித்தானே சார் இத்தன பேரோட விவரத்தையும் ஏத்துனோம்? குலசாமி பேரயா வச்சீக?”

“தப்புத்தேன் மேடம். என்னைய அப்பறமா திட்டுங்க. அந்தப் புள்ள வீடு எங்க இருக்குன்னு தெரியுமா?”

சுபலட்சுமி தானும் சினேகாவுக்குப் போன் போட்டுப் பார்த்தார், அணைத்தேதான் இருந்தது. உள்ளே ரத்தம் கொடுக்க நான்கைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள், விட்டுவிட்டு வர முடியாது. முன்பு ஒருமுறை சினேகாவுக்குத் தலைசுற்றல் வந்தபோது அவரே ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டிருந்தார். அதை எந்தக் கட்டத்திலும் யாரும் ஏற்றியிருக்கவில்லை. கழனிவாசலில் மாவு மில்லுக்குப் பின்னால் ஒரு சந்து, கடைசியில் பச்சைக் கேட் போட்ட வீடு என்று சொன்னார்.

ஈஸ்வரன் பைக்கை விரட்டினார். அந்தப் பிள்ளையிடம் என்ன சொல்வது என்பதே மனசு முழுக்க இருந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும். மதுரைக்கோ திருச்சிக்கோ பஸ் ஏற்றிவிட வேண்டும். விக்கியைக் கடையிலிருந்து நேராக அங்கே வரச் சொல்ல வேண்டும். மாவு மில் தாண்டியதும் வேகத்தைக் குறைத்துச் சந்துக்குள் திரும்பினார். பைக்கின் கண்ணாடியை அவர் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

பச்சைக் கேட்டைத் தள்ளிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினார். “சினேகா, சித்தப்பா வந்திருக்கேன்த்தா” என்றார். வெகுநேரம் கழித்துக் கதவு ஒரு சாண் திறந்தது. வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றாள். மெலிந்துபோயிருந்தாள், கண் மட்டும் பழைய கண். அவரைப் பார்த்த அந்தக் கண் உடனே அவர் தோளைத் தாண்டிப் போனது.

“யாரக் கூட்டிட்டு வந்திருக்கீக சித்தப்பா?”

ஈஸ்வரன் திரும்பினார். சந்து முனையை அடைத்துக்கொண்டு ஒரு வெள்ளைக் கார் நின்றது. சதீஷ்குமார் இறங்கிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் சத்தியமூர்த்தியும் வீரபாண்டியனும் இறங்கினார்கள், இரண்டு பேரும் பங்காளிகள்தான். சுகர் டெஸ்ட்டைப் பற்றி அவன் ஏன் தன்னிடம் வந்து சொன்னான் என்பது அப்போதுதான் ஈஸ்வரனுக்கு உறைத்தது. டேட்டாபேஸில் இல்லாத வீட்டைக் கண்டுபிடிக்க அவனுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டிருக்கிறது. அந்த ஆளைப் பயமுறுத்திக் கிளப்பிவிட்டு, பின்னாலேயே நிதானமாக வந்திருக்கிறான்.

ஈஸ்வரன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே புகுந்து தாழ்ப்பாளைப் போட்டார். திரும்பியபோது சினேகா சமையல் மேடை ஓரம் போய், சுவரோடு சுவராக நின்றாள். கையில் அரிவாள்மனை இருந்தது.

“கிட்ட வராதீக. கதவைத் தெறந்துக்கிட்டு நீங்களும் வெளிய போயிருங்க.”

“நான் அவுக கூட வரலத்தா. சத்தியமா வரல. உன்னையக் கெளப்பி விடத்தேன்...”

“நம்பர் எப்படித் தெரிஞ்சுச்சு உங்களுக்கு? வீடு எப்படித் தெரிஞ்சுச்சு?”

இரண்டுக்குமே பதில் அவரிடம் இருந்தது. எந்தப் பதிலைச் சொன்னாலும் அவரை அவர்களோடு கொண்டுபோய்த்தான் சேர்க்கும். அதற்குள் கதவு தட்டப்பட்டது. ஓங்கித் தட்டவில்லை, விருந்தாளி தட்டுகிற மாதிரி மெதுவாகத் தட்டினான்.

“சித்தப்பா, வழி காமிச்சதுக்கு ரொம்ப சந்தோசம். அப்படியே கதவையும் தெறந்து விட்டீகன்னா வந்த வேலை முடிஞ்சிரும்.”

சினேகா அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எதிர்கொள்வதைவிட வெளியே போய் வெட்டுப்படுவது மேல் என்று ஈஸ்வரனுக்குத் தோன்றியது. போனை எடுத்து நூறுக்கு அடித்தார். மறுமுனையில் ஒரு பெண் குரல் என்ன, எங்கே என்று கேட்டது. கழனிவாசல், மாவு மில்லுக்குப் பின்னால், ஏழு மாதக் கர்ப்பிணி என்று திக்கித் திக்கிச் சொன்னார்.

“வெளிய நிக்கிறது யாரு சார்? பேர் ஏதாவது தெரியுமா?”

கதவு மறுபடி தட்டப்பட்டது. “யார்கிட்ட சித்தப்பா பேசுறீக?” என்றது சதீஷ்குமாரின் குரல். இப்போது அதில் சிரிப்பு இல்லை.

“தெரியும்” என்றார் ஈஸ்வரன். பிறகு வெளியே நிற்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி ஒவ்வொரு பேராகச் சொன்னார். சதீஷ்குமார், அப்பா பேர் பெத்தன். சத்தியமூர்த்தி. வீரபாண்டியன். ஊர் பேரைச் சொன்னார், கார் நிறத்தைச் சொன்னார். ஆலங்காட்டில் இனி தனக்கும் இலை கிடையாது, தன் பிள்ளைகளுக்கும் கிடையாது என்பது ஒவ்வொரு பேரைச் சொல்லும்போதும் அவருக்குத் தெரிந்துதான் இருந்தது.

“அவங்க உங்களுக்கு என்ன வேணும் சார்?”

“பங்காளிக.”

“கதவைத் திறக்காதீங்க. லைன்லயே இருங்க. வண்டி வருது.”

வெளியே சத்தம் நின்றுபோனது. கார் கதவு சாத்தும் ஒலியும் கேட்கவில்லை, நடந்து போகும் செருப்புச் சத்தமும் கேட்கவில்லை. ஈஸ்வரன் போனைக் காதில் வைத்தபடி தாழ்ப்பாளின் மேல் முதுகைக் கொடுத்து நின்றார். சினேகா இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. அரிவாள்மனையின் முனை கதவைப் பார்த்து இல்லை, இன்னும் அவரைப் பார்த்தேதான் இருந்தது.